எப்படியும் நிறுத்து

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. முத்துவீரன் சிரிக்கமாட்டார். போன கார்த்திகையில், அந்தமானுக்குத் தெற்கே நிக்கோபார் தீவில், கேம்பல் பே என்ற ஊரில், கடலைப் பார்த்த அரசாங்கக் குவார்ட்டர்ஸில் அவருக்கு நடந்தது இது. நடந்ததற்கு மேல் ஒரு சொல்லும் இதில் கூட்டவில்லை. பயமாக இருந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டே படியுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முத்துவீரன் மின்சார இலாகாவில் லைன்மேன். மனைவி தவறிப்போய் நாலு வருடம் ஆகிறது. ஒரே மகள் மீனா திருச்சியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அந்தத் தீவில் நவம்பர் மாதம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மெயின்லேண்டில் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுகிற நேரத்தில் இங்கே கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் அலைச்சத்தம்தான். பேச ஆளில்லாத வீட்டில் ராத்திரி எவ்வளவு நீளம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

அவருக்கு இருந்த ஒரே துணை மேசை மேல் இருந்த பழைய கம்ப்யூட்டர். சாயங்காலம் அதில்தான் மகளைப் பார்ப்பார். பார்ப்பார் என்று பேர்தான். ஆன் செய்துவிட்டு உலை வைத்தால் சோறு வெந்த பிறகுதான் திரை தெளியும். கூப்பிட்டால் மீனாவின் முகம் வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். குரல் ஒரு பக்கம் வரும், முகம் ஒரு பக்கம் நிற்கும்.

போர்ட் பிளேரில், அபர்டீன் பஜாரில் கடை வைத்திருக்கும் ஸ்ரீதருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அந்த ஹார்ட் டிஸ்க்குக்கு உங்க வயசு. ரிட்டயர் பண்ணிடுங்க. எஸ்.எஸ்.டி. போட்டா மெஷின் துள்ளும்."

"இங்க யாருப்பா இருக்கா போடறதுக்கு?"

"க்யா அண்ணே, புயல்ல போஸ்ட் மரத்துல ஏறுற ஆளு, ரெண்டு ஸ்க்ரூவுக்குப் பயப்படுறீங்க! விண்டோஸ் எல்லாம் ஏத்தியே ஜஹாஜ்ல அனுப்புறேன். சொருகுங்க, அவ்வளவுதான்."

"தமிழ்ல வேணும் தம்பி. இங்கிலீஷ்ல எதையாவது அமுக்கிட்டு என்னால முழிக்க முடியாது."

"அச்சா, அச்சா. தமிழ்லயே வரும்."

அடுத்த கப்பலில் வந்தது. முத்துவீரன் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே தூசியும் உப்புக்காற்றுத் துருவும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தார். பழைய டிஸ்க்கை எடுத்தார், புதியதைச் சொருகினார், சுவிட்சைப் போட்டார். அடுப்பில் டீ கொதிக்கும் முன்னே திரை வந்துவிட்டது. சின்னப் பையனைப் போலக் கை தட்டினார் மனிதர்.

திரையில் இரண்டு பெயர்கள் இருந்தன.

ஒன்று, முத்துவீரன். ஸ்ரீதர் போட்டுக் கொடுத்தது.

இன்னொன்று, ரெங்கம்மா.

கடைப்பெண்ணின் பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆன் செய்ததும் தானாகக் கிளம்புகிற புரோகிராம்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். வேண்டாததை எல்லாம் நீக்கினார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று பார்க்கப் பழகினார். மீனாவின் முகம் உறையாமல் அசைந்தது. சிரித்தால் சிரிப்பும் சத்தமும் சேர்ந்தே வந்தன.

முதலில் வந்த கோளாறு சின்னதுதான்.

ஒரு சாயங்காலம் திரையில் எழுத்து எல்லாம் பெரிதாகிவிட்டது. கண் மங்கியவர்கள் வைத்துக்கொள்வார்களே, அப்படி. அம்புக்குறியும் பெரிதாக இருந்தது. திரை மஞ்சளாகக் கண்ணுக்கு இதமாக மாறியிருந்தது. எதையோ தெரியாமல் அமுக்கிவிட்டோம் என்று எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார்.

மறுநாள் பகலில் சரியாக இருந்தது. இருட்டியதும் மறுபடி பெரிதானது.

அன்றைக்குப் படுக்கப் போகும்போது 'நிறுத்து' என்பதை அழுத்தினார். திரை அணையவில்லை. நீல நிறத்தில் ஒரு செய்தி வந்தது.

'வேறொருவர் இந்தக் கணினியை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால், அவர் சேமிக்காத வேலை போய்விடலாம்.'

அதற்குக் கீழே ஒரே பொத்தான். 'எப்படியும் நிறுத்து.'

முத்துவீரன் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள்?

ஸ்ரீதரைக் கூப்பிட்டார்.

"அது ஒண்ணுமில்லண்ணே. கடைக்கு வந்த ஒரு மெஷின்ல தமிழ் எல்லாம் பக்காவா செட் பண்ணியிருந்துச்சு. அவசரத்துல அதை அப்படியே காப்பி அடிச்சு அனுப்பிட்டேன். அந்த யூசரைத் தூக்க மறந்துட்டேன். டிலீட் பண்ணிடுங்க."

"அது தானா உள்ள வருதேப்பா."

"எப்படிண்ணே வரும்? அந்தம்மா பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. எனக்கே தெறக்கல. யாரும் உள்ள போக முடியாது. டென்ஷன் மத் லோ, கவலைய விடுங்க."

"அப்ப இப்ப உள்ள இருக்கிறது யாரு?"

லைன் அறுந்துவிட்டது. கேம்பல் பேயில் அது வழக்கம்தான்.

முத்துவீரன் டாஸ்க் மேனேஜரில் பயனர்கள் பக்கத்தைத் திறந்தார். இரண்டு பெயர்களும் இருந்தன. ரெங்கம்மா என்ற பெயருக்கு எதிரே மெமரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. யாரோ நிதானமாக, யோசித்து யோசித்து வேலை செய்வது போல.

அப்போதுதான் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

கீ போர்டு சத்தம். அவருடைய கீ போர்டு கண் முன்னால்தான் இருந்தது. ஒரு கட்டைகூட அசையவில்லை.

வேறு ஆளாக இருந்தால் அந்த நிமிடமே வயரைப் பிடுங்கியிருப்பார். முத்துவீரன் பிடுங்கவில்லை. ஏன் என்று கேட்டால் உங்களுக்கு விளங்கும்படி எப்படிச் சொல்வது, கண்ணுகளா... நாலு வருடமாக அந்த வீட்டில் இன்னொரு ஆள் புழங்குகிற சத்தமே கிடையாது. பயம் இருந்தது. ஆனாலும் எழுந்து போக மனம் வரவில்லை. ஒன்பது மணி வாக்கில் சத்தம் நின்றது. பட்டியலில் ரெங்கம்மா என்ற பெயர் காணாமல் போனது. அதற்கப்புறம் கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அணைந்தது.

நாலைந்து நாளில் பழகிவிட்டது. அந்தப் பெயரை நீக்கலாம் என்று ஒரு தடவை போனார். ரெங்கம்மாவின் எல்லாக் கோப்பும் அழிந்துவிடும் என்று திரை எச்சரித்தது. விட்டுவிட்டார். எழுத்தைச் சின்னதாக்குவதையும் விட்டுவிட்டார். பாவம், கண் தெரியவில்லை போலிருக்கிறது. இருட்டியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"வாங்கக்கா" என்பார்.

டக்... டக்...

மாசமாக இருக்கும் மீனாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததைச் சொன்னார். வளைகாப்புக்குக் கப்பல் டிக்கெட் எடுத்துவிட்டதைச் சொன்னார். பெண்டாட்டி இருந்திருந்தால் எப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருப்பாள் என்றும் சொன்னார். சத்தம் நின்றது. அவர் கண்ணைத் துடைத்த பிறகு மெல்லத் தொடங்கியது.

கிளம்ப வேண்டிய நாளில் கடல் கொந்தளித்தது. கப்பல் ரத்து. ஹெலிகாப்டரில் இடமில்லை. மகளுக்குத் தாயும் இல்லை, வளைகாப்புக்குத் தகப்பனும் போக முடியவில்லை. அவருடைய அக்கா அலமுதான் முன்னால் நின்று செய்யவேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்கு நல்ல நேரம்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல இருங்கப்பா. நீங்க பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் கையை நீட்டுவேன். இல்லேன்னா வளையலே போட்டுக்க மாட்டேன்" என்று அழுதாள் மீனா.

"இருப்பேன் சாமி. எங்க போகப் போறேன்?"

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தார். படம் கண்ணாடி போலத் தெரிந்தது.

ஐந்து மணி. இருட்டியது.

எழுத்து பெரிதானது.

அன்றைக்குச் சத்தம் வேறு மாதிரி இருந்தது. டக்டக்டக்டக்... ஓட்டம். மூச்சு விடாத ஓட்டம். யாரோ துரத்துவது போல.

ஐந்து இருபத்தைந்து. திருச்சியில் இன்னும் வெயில். பட்டுப்புடவையில் மீனா. நலுங்குச் சந்தனம் தொடுவதற்குக் கை நீள்கிறது...

படம் உறைந்தது.

"அப்பா... கேக்கு... அத்தை ஆரம்பி..."

டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். மெமரி முழுக்க ரெங்கம்மா.

"அக்கா" என்றார். "இன்னைக்கு ஒரு நாள். அரை மணி நேரம். என் பொண்ணு கை நீட்டாம காத்துக்கிட்டு இருக்கா..."

சத்தம் நின்றது.

ஒரு மூச்சு நேரம்.

பிறகு முன்னைவிட வேகமாக... டக்டக்டக்டக்டக்...

ஐந்து முப்பத்துமூன்று. "அப்பா... இருக்கீங்..."

நிறுத்தித் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். 'நிறுத்து' என்பதை அழுத்தினார்.

நீலத் திரை.

வேறொருவர் இன்னும்...

தெரியும். தெரியும். அம்புக்குறியைப் பொத்தானுக்குக் கொண்டு போனார்.

அம்புக்குறி விலகியது.

இழுத்தார்.

விலகியது.

உள்ளங்கைக்குக் கீழே மவுஸ் நடுங்கியது. பிடிபட்ட குருவி போல.

"மன்னிச்சுக்கங்கக்கா."

அழுத்தினார்.

இருட்டு.

சத்தம் இல்லை. அலைகூட இல்லை.

ஐந்து முப்பத்துநாலு.

மறுபடி ஆன் செய்தார். அரை நிமிடத்தில் வந்தது. எழுத்து சின்னதாக இருந்தது. திரையில் ஒரே ஒரு பெயர்தான். முத்துவீரன்.

அதைப் பற்றி நினைக்க அப்போது நேரமில்லை. கூப்பிட்டார். படம் அப்படித் தெளிவாக என்றைக்கும் வந்ததில்லை.

"என்னடா, கரண்டு ஆபீஸ்காரன் வீடு இப்படி இருண்டு கிடக்கு?" என்றாள் அலமு. எல்லாரும் சிரித்தார்கள். மீனா அவரைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினாள். கண்ணாடி வளையல் ஒவ்வொன்றாக ஏறியது. ஒவ்வொன்றின் கிலுகிலுப்பும் அந்த இருட்டு அறையில் கேட்டது. அவர் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் இருட்டியது. "வாங்கக்கா" என்றார்.

ஒன்றும் இல்லை.

அதற்கு மறுநாளும் இல்லை.

கடல் அடங்கியதும் கப்பலேறினார். மகளைப் பார்க்கத்தான். போர்ட் பிளேரில் இறங்கியதும் கால் தானாக அபர்டீன் பஜாருக்குப் போனது.

"அந்த ரெங்கம்மா யாரு தம்பி?"

"இந்த ஊர்ல, மின்னி பேங்கிற ஏரியாவுல தனியா இருந்தவங்கண்ணே. டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே கீ போர்டு மேல கவுந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரியில நெனவே இல்ல. சொந்தக்காரங்க நம்பர் கிடைக்குமான்னு பக்கத்து வீட்டு அக்காதான் மெஷினை இங்க கொண்டு வந்தாங்க. எனக்குத் தெறக்கல."

"இப்ப எப்படி இருக்காங்க?"

ஸ்ரீதர் தலையைக் குனிந்துகொண்டான். "போயிட்டாங்கண்ணே. வெள்ளிக்கிழமை."

முத்துவீரன் மின்னி பேக்கு ஆட்டோ பிடித்தார். பக்கத்து வீட்டு உமா மகேஸ்வரி அவரை யாரென்று கேட்கவில்லை. அந்த அம்மாளைத் தேடி முதல் முதலாக வந்த ஆள் அவர்தான். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள்.

"கண்ணே தெறக்கலைங்க அவங்க. ஒடம்புல ஒரு அசைவு இல்ல. ஆனா சாயங்காலம் இருட்டினா போதும், பெட்ஷீட் மேல பத்து விரலும் ஓடும். டைப் அடிக்கிற மாதிரி. ஒம்போது மணிக்கு நின்னுடும். நரம்பு இழுக்குதுன்னாங்க டாக்டரு."

முத்துவீரன் தண்ணீரைக் குடிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை ரொம்ப வேகமா ஓடுச்சுங்க. கையைப் பிடிச்சுக்கிட்டேன், நிக்கல. அஞ்சரை தாண்டியிருக்கும். திடீர்னு கண்ணைத் தெறந்தாங்க. அத்தனை நாள்ல வாயைத் தெறந்து பேசினது அந்த ஒரு தடவைதான். அத்தோட விரல் நின்னுடுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"அதாங்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அந்த ரூம்ல நானும் நர்சம்மாவும்தான். ஆம்பளைங்க யாருமே கிடையாது." உமா மகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "'கொஞ்சம் இருங்க தம்பி... இன்னும் முடிக்கலை'ன்னாங்க."