புயல் வாரத்து நண்டு சூப்

எதிர்வீட்டு அண்ணாச்சி எதையோ மறைக்கிறார். புயல் எச்சரிக்கையால் ஒரு வாரமாக எங்கள் கரையில் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் மழை பிடித்ததும் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் நண்டுக்கால் இடிபடுகிறது. நல்லமிளகு, சீரகம், சின்ன உள்ளி எல்லாம் தட்டிப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்பை விட்டு நகராமல் நிற்பார். அந்த ஆவி முகத்தில் பட்டாலே குளிர் விட்டுப் போகும். அதை நான் மறுக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி வரும். என் மனைவிக்கு ஐந்தாம் மாதம். சோறு, கஞ்சி எல்லாம் வாந்தியாகிறது. வயிற்றில் தங்குவது அந்த சூப் மட்டும்தான்.

நேற்று கேட்டேன். "நண்டு எங்கனருந்து வருது அண்ணாச்சி?"

"நண்டுக்கு ஜாதகமா பாக்குதீரு? ஆறுததுக்கு முந்தி புள்ளைக்குக் குடும்."

"நீங்க குடிக்கலியா?"

"எனக்கு நண்டு சேராது."

நாற்பது வருடம் கடலில் கிடந்த மனிதருக்கா நண்டு சேராது? ஊர்ச் சாக்கடை விழும் ஓடையிலும் நண்டு இருக்கிறது. இன்றும் வேறு வழியில்லாமல் வாங்கிக் கொடுத்தேன். வழித்துக் குடித்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில், ஊரார் முன்னால் அவர் சொல்லட்டும்: அது எந்தத் தண்ணீரில் பிடித்த நண்டு?