முகம் தெரிகிற பெட்டி

கலியபெருமாள் அண்ணன் இறந்துவிட்டார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவருடைய மருமகன் போன் செய்து, "அண்ணே, அர்ஜென்டா ஒரு ஐஸ் பெட்டி வேணும். ஜல்தியா எங்க கெடைக்கும்?" என்றுதான் கேட்டார். சாவு வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் குளிர்பெட்டிகளுக்கு கம்ப்ரசர் மாட்டுவதும் என் பிழைப்பில் ஒரு பகுதி என்பதால் இப்படிப்பட்ட போன் எனக்குப் புதிதல்ல. வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டேன், யாருக்கு என்று.

"மாமாவுக்குத்தாண்ணே. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

வல்லத்தில் யாரோ ஒருவர் வீட்டு ஃப்ரிட்ஜைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுத் திருவாமாத்தூருக்குப் போன் செய்தேன். கலியபெருமாள் அண்ணன் தன் கையால் செய்த பெட்டிகளில் மிச்சமிருப்பது அங்கே ஒருவரிடம் உள்ள ஒன்றுதான். அது வேறொரு சாவு வீட்டுக்குப் போயிருந்தது. திரும்ப அழைத்தபோது மருமகன், "திண்டிவனத்துல சொல்லிட்டேண்ணே, வந்துக்கினே இருக்குது" என்றார். எனக்கு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதை இங்கே எழுதத்தான் போகிறேன்.

விழுப்புரத்தில் இரும்புக் கட்டிலும் பீரோவும் செய்யும் பட்டறை வைத்திருந்தவர் என்று ஊர்க்காரர்களாகிய உங்களுக்கு அவரைத் தெரியும். அடக்கமான மனிதர் என்று இரங்கல் போஸ்டரில் போட்டிருந்தீர்கள். அது சுத்தப் பொய். தன் வேலையைப் பற்றி அவரைப் போலப் பெருமையடித்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்தவன் வேலையையும் அதே குரலில் புகழ்வார். ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்த பெரியவரை எழுப்பிவிட்டு அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்தார். "பாருப்பா, அடியில இந்தச் சின்ன மேடு. இது இல்லன்னா அடுக்கி வெச்ச சேருங்க ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கும். உக்கார்ற எடத்துல ஓட்டை, மழைத் தண்ணி வடியறதுக்கு. இத யோசிச்சவன் யாரோ, அவன் நல்லா இருக்கணும்." பெரியவர், "நான் உக்காரணுமா வேணாமாய்யா?" என்று கத்தினார். மட்டமான பொருளைக் கண்டால் அண்ணன் சொல்வது வேறு: "இவன் ஒரு நாளாவது இதுல உக்காந்து பாத்தானா?"

அவருடைய அப்பா இறந்தபோது ஐப்பசி மழை. துபாயில் வேலை பார்க்கும் தம்பிக்காக உடலை வாடகைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். தம்பி வந்து குனிந்தார். மேல்மூடிக் கண்ணாடி முழுக்க வெளிப்பக்கம் நீர் படிந்து வெள்ளையாக இருந்தது. துண்டால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. "அண்ணே, அப்பா மொகமே தெரியலையேண்ணே" என்று அவர் அழுததை நானும் கேட்டேன்.

காரியம் முடிந்ததும் அண்ணன் மொட்டைத் தலையோடு என் கடைக்கு வந்தார். "அவன் வந்ததே மொகத்தப் பாக்கத்தான். அது தெரியலன்னா அப்புறம் எதுக்குய்யா பெட்டி?" பட்டறையில் தானே ஒரு பெட்டி செய்யத் தொடங்கினார், அன்று பிடித்த வேலையை விடவில்லை. கண்ணாடியை மாற்றிப் பார்த்தோம், சூடேறும் கம்பியைச் சுற்றிப் பார்த்தோம். கடைசியில் பழைய வெல்டிங் இயந்திரத்திலிருந்து கழற்றிய உள்ளங்கையளவு விசிறியைத் தலைமாட்டில் ஒரு தகட்டில் மாட்டி, காற்று கண்ணாடியைத் தடவிக்கொண்டு போகும்படி வைத்தார். நீர் படிவது நின்றது. அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்கு எங்களுக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

அதோடு நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்து அழுகிறவர்களுக்கும் முகம் தெரியவேண்டும் என்று கால்களைத் தாழ்த்தினார். குறுகிய சந்துக்குள் தூக்கிப் போக அந்தக் கால்கள் மடங்கும். பெட்டியின் விளிம்பை உருட்டி மடித்தார். "பொம்பளைங்க அடிச்சிக்கினு அழுவாங்க, கை கிழியக் கூடாது" என்றார். கம்ப்ரசர் அதிர்ந்து சத்தம் போடாமலிருக்க அடியில் கெட்டியான ரப்பர் வைக்கச் சொல்லி என்னைப் பாடாய்ப் படுத்தினார். "மனுசங்க அழட்டும்ய்யா. மெசின் அழக் கூடாது."

நல்ல கட்டிலைப் பார்த்தால் யார் செய்தது என்று கேட்பீர்கள். இந்தப் பெட்டியை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யார் பெட்டியைப் பார்க்கப்போகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். ஆனால் பட்டறை வாசலில் அது நிற்பதை மட்டும் எல்லோரும் பார்த்தீர்கள். பெண்ணுக்குச் சீர் கட்டில் வாங்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினீர்கள். "சாவுப் பெட்டி செய்யற கையால செஞ்ச கட்டில்லியா எம்பொண்ணு படுக்கும்?" என்று அவர் காதுபடவே கேட்டவர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். இழவு விழுந்தால் மட்டும் எந்த நேரத்திலும் கதவைத் தட்டினீர்கள்.

கடைசியில் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தபோது மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பட்டறையில் பெட்டி இருக்கக் கூடாது. அண்ணன் இருந்த பெட்டிகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார், தகடு வெட்டும் மாதிரிகளைத் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். வண்டியில் ஏற்றும்போது, "ஃபேன மட்டும் உட்டுடாதீங்கப்பா" என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவர்கள் தலையாட்டினார்கள்.

அன்று ராத்திரி நான் போய்ச் சேர்ந்தபோது ஷாமியானாவுக்கு அடியில் திண்டிவனத்துப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அண்ணி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விளிம்பை மடிக்காமல் வெட்டினபடி விட்டிருந்ததால் யாரோ ஒரு பெண் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். அண்ணன் செய்வது போலவே நானும் தரையில் படுத்து அடியில் பார்த்தேன். மடங்கும் கால்கள் அவர் கொடுத்த மாதிரிப்படியே இருந்தன. ரப்பர் இருக்கவேண்டிய இடம் மொட்டையாக இருந்தது. தலைமாட்டில் அதே தகடு, அதே வட்டத் திறப்பு, சுற்றி நான்கு திருகாணித் துளைகள். விசிறி இல்லை. எதற்கென்று தெரியாமலே துளைகளை மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அங்கேயே ஓங்கி அழவேண்டும் போலவும் இருந்தது.

அவருடைய பட்டறைக்குள் போய்ப் பழைய விசிறி ஒன்றைத் தேடி எடுத்துத் திரும்புவதற்குள் தம்பி துபாயிலிருந்து வந்துவிட்டார். துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதே பேச்சு: "மொகமே தெரியலையேண்ணே."

திருகாணியை முடுக்க ஆரம்பித்தேன். "சாவு வூட்ல ஸ்க்ரூ டிரைவர வெச்சிக்கினு இன்னாய்யா பண்றே?" என்று ஒரு பங்காளி எகிறினார். மருமகன் என் தோளைத் தொட்டு, "உடுங்கண்ணே, இப்ப எதுக்கு பேஜாரு" என்றார். அண்ணி நிமிர்ந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "மாட்டட்டும்."

நான்கு துளைகளும் இம்மி பிசகாமல் பொருந்தின. கொஞ்ச நேரத்தில் நெற்றி தெரிந்தது, பிறகு மூக்கு, பிறகு அந்தக் கோபக்கார வாய். தம்பி கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். பெட்டியை யோசித்தவன் யாரோ என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. யோசித்தவர் உள்ளே படுத்திருந்தார்.

பால் தெளித்த மறுநாள் திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. "உங்க ஃபேன் ஒண்ணு எங்க பெட்டியோட வந்திருச்சுங்க. கழட்டி வெச்சிருக்கோம், வந்து வாங்கிக்குங்க." அது பெட்டியோடு சேர்ந்ததுதான், அதிலேயே இருக்கட்டும் என்றேன். "இல்லீங்க, நம்ம பெட்டிக்கு ஃபேன் கெடையாதுங்க" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

போய் வாங்கி வந்தேன். கலியபெருமாள் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விசிறிதான். திருகாணிகளோடு என் கருவிப் பையில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டு வாசலில் அந்தப் பெட்டி வந்து இறங்கும்போது, முகம் பார்க்க யாராவது தூரத்திலிருந்து வரவேண்டியிருந்தால், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். வருகிறேன். துளைகளை அவர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்.