மூஞ்சி காட்டாத வைத்தியம்

லிஃப்ட் மெக்கானிக் இருக்கிறானே, அவனுக்கு வயசு இருபத்தஞ்சுதான். வாய் மட்டும் ஐம்பது வயசுக்காரனுடையது. அந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் அவன் கேலி பண்ணாத ஆளே கிடையாது. அப்படிப்பட்டவன் நாலு நாளாக வாயே திறக்கவில்லை. சிறுநீர் போனால் எரிச்சல், கூடவே கசிவு. ஆஸ்பத்திரி வரிசையில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று, போனிலேயே டாக்டரிடம் பேச நேரம் வாங்கினான். வீடியோ வேண்டாம், குரல் போதும் என்றும் குறித்துவிட்டான்.

எங்கே பேசுவது? வீட்டில் இருப்பது ஒற்றை அறை, அம்மாவுக்கோ பாம்புக் காது. யோசித்து யோசித்து, கீழே பழுதுபார்ப்புப் பலகையை மாட்டிவிட்டு, ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே லிஃப்டை நிறுத்தி, ராஜா மாதிரி உள்ளே உட்கார்ந்தான். மகராசன் சிக்னலை மறந்துவிட்டான். இரும்புப் பெட்டிக்குள் போன் எப்படி அடிக்கும்? லிஃப்டை மேலே ஏற்றி, மொட்டை மாடி மோட்டார் அறைக்கு ஓடிச் சேர்வதற்குள் டாக்டரம்மா இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். மூன்றாம் தரம்தான் எடுத்தான்.

"என் ஃப்ரெண்டுக்கு ஒரு பிரச்சினை டாக்டர்."

"சரி. அந்த ஃப்ரெண்டுக்கு எத்தனை நாளா எரியுது?" அவர் சிரிக்கவில்லை.

அந்த நிதானத்திலேயே பாதி பாரம் இறங்கிவிட்டது. ஃப்ரெண்டை அங்கேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினான்.

"பயப்படாதீங்க, மருந்துல சரியாயிடும். ஆனா நாளைக்குப் பத்தரைக்கு நேர்ல வந்து டெஸ்ட் குடுக்கணும். இது தொத்துறது, உங்ககூட நெருங்கிப் பழகுறவங்களும் வரணும். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம உள்ளுக்குள்ள இருக்கலாம்."

"அவங்ககிட்ட நீங்களே போன்ல சொல்லிடறீங்களா?"

"சொல்லலாம். அவங்க யார் சொல்லிக் கேக்கணும்னு நினைப்பாங்க, யோசிச்சுப் பாருங்க."

அங்கேதான் மாட்டிக்கொண்டான். ஐந்தாம் மாடிப் பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கும் பெண்ணோடு நாலு மாதப் பழக்கம். கல்யாணப் பேச்சு வரைக்கும் வந்தாயிற்று. இது அவளுக்கு முன்னால், வேறொருத்தியிடமிருந்து வந்து, மாசக்கணக்கில் உள்ளேயே பதுங்கியிருந்ததாகத்தான் இருக்கும். அதை அவள் நம்ப வேண்டுமே. நம்பாமல் போய்விட்டால் இவன் கதி என்ன?

ஆனாலும் இறங்கிப் போனான். அவள் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு ஜோக் கூட இல்லாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அவள் குழாயை மூடினாள்.

"எத்தனை மணிக்கு?"

"பத்தரைக்கு."

"நான் லீவு சொல்லிடறேன். அதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத."

பேசவில்லை, பாவம். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். இவன் பக்கம் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்தது என்றே நினைத்துவிட்டான். நர்ஸ் வந்து இவன் பேரைக் கூப்பிட்டார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்க்க, இவன் தலையைக் குனிந்தபடி எழுந்தான்.

அவளும் எழுந்தாள். "நானும் இவர்கூடத்தான் வந்திருக்கேன்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.