புது வீட்டின் அடியில்

மண்வெட்டி கண்ணாடியில் உரசும் சத்தம் பல்லைக் கூசவைக்கும். லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அப்பா வெந்தயம் விதைக்கக் கொத்திய இடமெல்லாம் அந்தச் சத்தம்தான். கருகிய செங்கல்லும் யன்னல் கண்ணாடித் துண்டுகளுமாக வாளி நிரம்பியது. பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவில் எங்களுடையது மட்டும் "புது வீடு" என்று, யாழ்ப்பாணத்தில் ஷெல்லுக்கு வீட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்த அப்பா, வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்த காலம் அது. எனக்குப் பத்து வயது.

பக்கத்து வீட்டு மிஸிஸ் ஹார்பர் வேலிக்கு மேலால் வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது, இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஜெர்மன்காரரின் ரொக்கெட் ஒன்று இந்த இடத்தில் விழுந்து, அவருடைய சிநேகிதி ரோஸும் தாயும் குசினி அடுப்படியிலேயே செத்துப்போனார்களாம்; அந்தக் குழியை மூடிக் கட்டியதுதான் எங்கள் வீடு. நான் தமிழில் சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் சுருங்கியது.

"சத்தம் கேட்டவுடன ஓடிப் பங்கருக்குள்ள இறங்கேலாதோ? கேள் பிள்ளை."

கேட்டேன். ஒலியைவிட வேகமாக வரும் ரொக்கெட் அது, வெடித்த பிறகுதான் அது வந்த சத்தமே கேட்கும் என்றார். தூரத்தில் ஷெல்லை ஏவும்போது "குத்துற" ஒலியைக் கேட்டு ஓடியோடித் தப்பிய எங்களுக்கு, அதைவிடக் கொடுமை ஒன்று இருக்குமென்று அன்றுவரை தெரியாது. அப்பா அதன்பின் "புது வீடு" என்று ஒருநாளும் சொல்லவில்லை.

நாங்கள் கத்தோலிக்கர்; நவம்பர் வந்தால் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்போம். பூசையில் சுவாமியார் வாசிப்பார். அம்மாவின் பட்டியலுக்குக் கீழே நான் ரோஸையும் தாயையும் எழுதினேன்.

"அவை எங்கட சொந்தமோ?" என்றார் அம்மா.

"எங்கட வீட்டிலதானே செத்தவை."

அம்மா அந்தப் பெயர்களை வெட்டவில்லை.

அடுத்த வருடம் பள்ளி நூலகப் புத்தகமொன்றில், அந்த ரொக்கெட்டுகளைச் செய்த கைதிகள் மலைச் சுரங்கத்துக்குள் பட்டினியாலும் அடியாலும் மாண்டார்கள் என்றும், அவை விழுந்து இறந்தவர்களைவிட அவற்றைச் செய்து இறந்தவர்களே அதிகம் என்றும் வாசித்தேன். ரொக்கெட்டின் படம் முழுப்பக்கம். அவர்களுக்கு நாலு வரி. கோபம் கோபமாக வந்தது. "ரொக்கெட் செய்த கைதிகள், பெயர் தெரியாது" என்று பட்டியலில் எழுதினேன்.

"குண்டு செய்தவைக்கும் பூசையோ?" என்றார் அம்மா.

"அவையை அடிச்சு, பட்டினி போட்டுச் செய்விச்சது, அம்மா."

"அப்ப வடிவா எழுது. சுவாமியாருக்கு வாசிக்க விளங்கவேணும்."

நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். மிஸிஸ் ஹார்பர் இல்லை. அம்மாவும் அப்பாவும் பட்டியலுக்குள் போய்விட்டார்கள். பின்வளவில் சீமெந்துக் கல் பதித்தாயிற்று. பெயர்களை இப்போது போனில் ஒரு படிவத்தில் நிரப்பித்தான் கோயிலுக்கு அனுப்பவேண்டும். பெயர் இல்லாத வரியை அந்தப் படிவம் ஏற்காது, சிவப்பாகக் காட்டித் திருப்பிவிடும். ஆகவே ஒவ்வொரு நவம்பரிலும் தாளில் வடிவாக எழுதி, நேரே கொண்டுபோய்ச் சுவாமியாரின் கையில் கொடுக்கிறேன். பூசையில் அவர் அந்த வரியை வாசிக்கும்வரை முன்வரிசை வாங்கிலிருந்து எழும்பமாட்டேன்.