மழைக்கு விட்ட சனிக்கிழமை

அறுபதுகளில், பம்பாய்த் தாராவியிலிருந்து எங்கள் ஆறு பேரையும் கோட்டை வட்டார ஆபீஸ்களுக்கு ஜன்னல் துடைக்க அழைத்துப் போனவர் அண்ணாச்சி. ஒல்லி உடம்பு, முழங்கால்வரை ஈரமான கால்சட்டை. சனிக்கிழமைக்கு மட்டும் யாரிடமும் வேலை ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய ஆபீஸ் ஒன்று சனிக்கிழமைதோறும் கூப்பிட்டது. மறுத்துவிட்டார். எங்களுக்கு வயிறு எரிந்தது.

"சும்மா கெடக்க நாளுதான, அண்ணாச்சி?" என்றேன்.

"சும்மா எங்கல கெடக்கு? மழையில நின்னுபோன வேலைய என்னைக்குல முடிப்ப? அந்த வாரமே முடிக்கலன்னா இருக்க ஆபீஸும் போயிரும்."

அந்த வாரம் மழையே பெய்யவில்லை. சனிக்கிழமை கூலியில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் எல்லாருக்கும் டீ சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். வேலையில்லாத நாளை அத்தனை நிம்மதியாகக் கழித்த மனிதரைப் பிறகு எந்த ஊரிலும் நான் பார்க்கவில்லை.