பொய் சொல்லி வாங்கிய சவரக்கத்தி

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, சலூன்காரர் அத்திப்பட்டில் எங்கள் வீட்டுக்கே வந்து சவரம் செய்துவிட்டுப் போவார். ரத்தம் உறையாமல் இருக்க இவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று பேச்சுவாக்கில் நான்தான் ஒருநாள் சொல்லிவிட்டேன். அதோடு அவர் வருவது நின்றது. "கீறிடுச்சின்னா ரத்தம் நிக்காதும்மா. எனக்கு இன்னாத்துக்கு அந்த பேஜாரு" என்று போனிலேயே முடித்துக்கொண்டார்.

அனல் மின் நிலையத்தில் சாம்பல் அள்ளிய மனிதர் இவர். அப்போதுகூட முகத்தில் முடி இருக்க விடமாட்டார். இப்போது ஊட்டுகிற கஞ்சியில் பாதி தாடியில் ஒட்டியது. துடைத்துத் துடைத்து அடியில் புண் வந்தது. பிளாஸ்டிக் ரேசரில் இழுத்துப் பார்த்தேன், முடி சிக்கிக்கொண்டது. அவர் இடது கையால் கன்னத்தைத் தேய்த்துக் காட்டி, குழறலாக, "கத்தி வாங்கியா" என்றார்.

குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"இன்னாக்கா, இத்தினி வருசம் உன்னத் திட்டினதுக்கு இப்ப கத்தி எட்துக்கினு கெளம்பிட்டியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மீஞ்சூர் கடைத்தெருவில் சலூன் சாமான் விற்கிற கடை இருக்கிறது. எப்போதும் ஆண்கள் நிற்பார்கள். அவர்கள் போகட்டும் என்று எதிரே பூக்காரியிடம் நின்றேன். சும்மா நிற்கக்கூடாதே என்று இரண்டு முழம் பூவும் வாங்கினேன். ஆட்கள் குறையவே இல்லை. கடைசியில் போய் நின்றேன்.

"இன்னா ஆயா வோணும்?"

"சவரக்கத்தி."

"யாருக்கு?"

வீட்டுக்காரருக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நான்தான் சிரைக்கப் போகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுமே. "பையன் சலூன் வெக்கிறான்" என்றேன். எனக்குப் பையனே கிடையாது.

கடைக்காரர் இரண்டு கத்திகளை எடுத்துப் போட்டார். ஒன்று பாதி பிளேடை மாட்டுகிற கத்தி. இன்னொன்று முழு இரும்பு, கறுப்புப் பிடிக்குள் மடங்குவது. பிளேடு என்றாலே எனக்குப் பயம். இரும்புக் கத்தியின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன், வெட்டவில்லை. இதுதான் அவருக்கு ஆபத்தில்லாதது என்று நினைத்து அதையே வாங்கினேன்.

வீட்டில் சோப்பு போட்டுக் காதுக்குக் கீழே வைத்தேன். முடி அறுபடவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். அவர் முனகினார். தாடை ஓரத்தில் சின்னக் கோடுதான், ஆனால் ரத்தம் நிற்கவில்லை. துணியை எடுத்தால் மறுபடி ஊறியது. படிகாரம் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்தும் எழுந்திருக்கவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

மறுநாள் கத்தியோடு கடைக்குப் போனேன்.

"புதுக் கத்திய கல்லுல தீட்டி, தோல்ல இழுத்தாதான் ஆயா வெட்டும். மொண்ண கத்தியப் போட்டு அழுத்துனா தோலுதான் கிழியும். உன் பையனுக்கு இதுகூடத் தெர்லன்னா அவன்கிட்ட எவன் மூஞ்சியக் குடுப்பான்?"

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பையன்லாம் இல்ல. என் ஊட்டுக்காரரு. வாதம். நான்தான் சிரைக்கணும். ரத்தம் வந்தா நிக்காது" என்று ஒரே மூச்சில் சொன்னேன். தலையை நிமிர்த்தவில்லை.

சிரிப்பு நின்றது. கடைக்காரர் என் கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் பதில் பிளேடு மாட்டுகிற கத்தியை எடுத்தார். தன் கன்னத்தையே இழுத்துப் பிடித்துக் காட்டினார். "அழுத்தாத. முடி போற பக்கமே இழு. கழுத்து மட்டும் வாணாம், ஆயா."

அன்று தாடியை முதலில் கத்தரித்துவிட்டு, காயத்தை விட்டு மற்ற இடங்களை மெல்ல இழுத்தேன். கன்னம் இரண்டும் மழித்தாகிவிட்டது. போதும் என்று கத்தியை விலக்கினேன். அவர் தலையைச் சுவரில் சாய்த்து மோவாயைத் தூக்கினார்.

"கழுத்து வாணாங்க."

இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, கத்தியோடு தன் கழுத்துக்குக் கொண்டுபோனார். சவரத்துக்குத்தானா, இல்லை வேறு எதற்காவதா என்று அவர் கண்ணைப் பார்த்தேன். மூடியிருந்தார். பிடி இறுக்கமாக இருந்தது. மற்றக் கையால் அவர் பிடியை விரல் விரலாகப் பிரித்துக் கத்தியை விலக்கினேன். கழுத்து முடியைக் கத்தரிக்கோலால் மட்டும் நறுக்கிவிட்டேன்.

இப்போதும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் மோவாயைத் தூக்குகிறார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.