கையா, மேசையா

என் மகனைக் கீழே வைத்தால் விழித்துக்கொள்வான். நான் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த ஸ்கேனர், கீழே வைத்தால் தூங்க வேண்டும், கையில் எடுத்தால் விழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே வீட்டில், ஒரே சமயத்தில் வளர்த்தேன். ஸ்கேனராவது சொன்ன பேச்சு கேட்கும் என்று நம்பியிருந்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்கு வேலை. கடைகளிலும் கோடவுன்களிலும் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் பார்கோடைப் படிக்கிற, துப்பாக்கி போலக் கையில் பிடிக்கிற கருவிதான் எங்கள் சரக்கு. எங்கள் முதலாளியே மேலாளர், அவரே விற்பனையாளர், ஏசி ரிமோட்டின் காவலரும் அவரே. நாள் முழுக்க விசையை அமுக்கி அமுக்கி விரல் வீங்கிவிடுகிறது என்று கோடவுன்காரர்கள் புகார் சொன்னதும், விசையே இல்லாத ஸ்கேனர் செய்வோம் என்று அவர் கிளம்பிவிட்டார். எடுத்தால் விளக்கு எரிய வேண்டும், காட்டினால் படிக்க வேண்டும், வைத்தால் அணைய வேண்டும். "சிம்பிள்தானேம்மா," என்றார். அவர் சிம்பிள் என்று சொன்ன எதுவும் என் வாழ்க்கையில் சிம்பிளாக முடிந்ததில்லை.

கருவிக்குள் மிளகு அளவில் ஓர் அசைவு சென்சார் இருக்கிறது. மனுஷக் கை எவ்வளவு உறுதியாகப் பிடித்தாலும் லேசாக நடுங்கும். மேசை நடுங்காது. அந்த வித்தியாசத்தை வைத்துத் தான் இருப்பது கையிலா மேசையிலா என்று ஸ்கேனர் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவுக்கு மேல் நடுங்கினால் கை, குறைந்தால் மேசை என்று நடுவில் ஒரு கோடு போடுவது என் பொறுப்பு. மகனுக்குத் தொப்பி போடுவதா வேண்டாமா என்பதற்கே மூன்று பேரிடம் கருத்துக் கேட்கிற என்னிடம் கோடு போடச் சொன்னார்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, செவ்வாய், புதன், வெள்ளி மூன்று நாளும் வீட்டிலிருந்தே வேலை செய்ய முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். மனமுவந்து அல்ல. "பூந்தமல்லி டெமோ முடியட்டும். நல்லா போச்சுன்னா இப்படியே கன்டினியூ பண்ணலாம். இல்லன்னா எல்லாரையும் மாதிரி முழு வாரமும் ஆபீஸ்தான்," என்று சொல்லியிருந்தார். அயனம்பாக்கத்தில் எங்கள் கீழ்வீட்டு அக்கா பையனைத் திங்களும் வியாழனும்தான் பார்த்துக்கொள்வார். மற்ற நாட்களில் அவருக்குத் தையல் வேலை. ஊசி, கத்தரி, கொக்கி என்று தரையெல்லாம் பரப்பி வைத்திருப்பார். அங்கே தவழும் குழந்தையை விடுவதை நினைத்தாலே எனக்கு வியர்க்கும். பாடியில் ஒரு தொழிற்சாலையில் இருக்கும் என் கணவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். இந்த வாரம் எது என்று அவரே காலண்டரைப் பார்த்துத்தான் சொல்வார். அந்த மூன்று நாள் போனால் என் வேலையும் போகும்.

ஆகவே மிகவும் பொறுப்பாக, வீட்டு நாட்களில் அளவுகளைப் பதிவு செய்தேன். மேசையில் வைத்துப் பதிவு, கையில் பிடித்துப் பதிவு. மேசைப் பதிவு எளிது, வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். கைப் பதிவுக்குத்தான் நேரமாகும். இடுப்பில் பையன், வலது கையில் ஸ்கேனர், எதிரே துவரம்பருப்புப் பொட்டலம், சோப்பு, டயப்பர் மூட்டை. சிவப்பு விளக்கு அவன் கண்ணில் பட்டுவிடுமோ என்று உடம்பைத் திருப்பிக்கொண்டே படிப்பேன். பட்டால் என்ன ஆகும் என்று இணையத்தில் தேடினேன். ஒன்றும் ஆகாது என்று வந்தது. ஒன்றும் ஆகாது என்று எழுதியவருக்குக் குழந்தை இருக்கிறதா என்று தேடினேன். அது வரவில்லை. அவன் ஸ்கேனரை வாயில் வைக்கப் பார்த்தான், நான் தூக்கிப் பிடித்தேன், அவன் அழுதான், நான் ஆட்டினேன். நிறைய பதிவு எடுத்தேன். கோடு போட்டேன்.

ஆபீஸில் சோதித்தபோது என் கையில் பிரமாதமாக வேலை செய்தது. முதலாளி தன் அறையில், தன் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் மேசைமேல் இருந்ததையெல்லாம் படித்துப் பார்த்தார். கடைசியில் தன் மாத்திரை அட்டையையும் படித்தார். "சூப்பர்மா," என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும், எங்கோ ஒரு தப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித் தோன்றும் என்பதால் பொருட்படுத்தவில்லை.

டெமோ நடந்த இடம் பூந்தமல்லி தாண்டி ஒரு மளிகைக் கோடவுன். தகரக் கூரை, வாசலில் லாரிகள், உள்ளே ஆள் உயரத்துக்கு பிஸ்கட் பெட்டிகள். அங்கே முடிவெடுக்க வேண்டியவர் சூப்பர்வைசர். லோடுமேனாகச் சேர்ந்து மேலே வந்தவராம். கை ஒவ்வொன்றும் வாழைத்தண்டு போல இருந்தது. முதலாளி அவருக்குக் கைகொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் கையைப் பின்னால் ஒளித்துத் தேய்த்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் ஸ்கேனரை எடுத்தார். விளக்கு எரிந்தது. ஒரு பெட்டியின் பார்கோடுக்கு நேரே அசையாமல் பிடித்தார். விளக்கு அணைந்தது.

திரும்ப எடுத்தார். எரிந்தது. பிடித்தார். அணைந்தது.

"இன்னா சார் இது? எடுத்தா முழிக்குது, வேலைன்னு காட்டுனா தூங்கிடுது. எங்காளுங்க மாதிரியே கீது."

முதலாளி வாங்கிப் பார்த்தார். காலைச் சேர்த்து, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நின்று பிடித்தார். அணைந்தது. "இப்படிக் கொடுங்க சார்," என்று நான் வாங்கினேன். டிக். படித்தது. அடுத்த பெட்டி, டிக். அதற்கடுத்தது, டிக்.

சூப்பர்வைசர் வாங்கினார். அணைந்தது.

"ஏம்மா, ஆள் பாத்து வேலை செய்யுதா? நூறு மெஷின் வாங்குனா நூறு தபா உன்னியும் சேத்து குடுப்பாங்களா?"

செக்கிங் வேலை பார்க்கும் பெண்கள் சிரித்தார்கள். நான் மறுபடி வாங்கிப் படித்துக் காட்டினேன், எங்கே தப்பு என்று தெரியாமல், பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகவே. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தம்மா நிக்கிறத பாரு. ஓடற பஸ்ஸுல கம்பி கிடைக்காதவ மாதிரி," என்று சொல்லி, என் கையிலிருந்து ஸ்கேனரைப் பிடுங்கி, என்னைப் போலவே செய்து காட்டினார். இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, இடம் வலமாக, இடம் வலமாக. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு அழகாக ஆடும் என்று நான் நினைக்கவில்லை.

டிக்.

அவர் நிறுத்தினார். விளக்கு அணைந்தது. ஆடினார். டிக்.

"யோவ்!" என்று அவரே கத்திவிட்டார். செக்கிங் பெண்களில் ஒருவர் ஓடி வந்து வாங்கி ஆடிப் பார்த்தார். டிக். இன்னொருவர், டிக். வாசலில் நின்றிருந்த லாரி டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்து, "மாமே, கோடவுன மூடிட்டு டான்ஸ் கிளாஸ் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். சூப்பர்வைசர் ஆடிக்கொண்டே, "நீயும் வா, ஃபீஸ் கிடையாது," என்றார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. ஆடுகிற கையை மட்டும்தான் நான் ஸ்கேனருக்குக் கை என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆடாத கை அதற்கு மேசை. குழந்தை வீட்டில் இருந்தாலும், பெற்றவள் நிற்கிற இடத்திலெல்லாம் ஆடிக்கொண்டேதான் நிற்கிறாள் போலிருக்கிறது. ரேஷன் கடையில், ஏடிஎம்மில், இதோ இந்தக் கோடவுனில். இதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை. தாய்மையின் மகத்துவம் பற்றி தினமும் குட்மார்னிங் செய்தி அனுப்புகிறவர்கள் இதையல்லவா அனுப்பியிருக்க வேண்டும்.

"என்னம்மா ஆச்சு?" முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

சென்சார் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். வந்த சரக்கே மோசம் என்றால் பழி சப்ளையருக்குப் போகும், என் மூன்று நாள் தப்பும். ஆனால் சென்சாரை மாற்றினாலும் கோடு மாறாது. புதுக் கருவியும் ஆடினால்தான் படிக்கும். இதையெல்லாம் யோசிக்க எனக்கு ஒரு யுகம் பிடித்தது. உண்மையில் அவர் கேட்டு முடிப்பதற்குள் உளறிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"சார், கைப் பதிவெல்லாம் வீட்ல எடுத்தது. எல்லாத்துலயும் பையன் என் இடுப்புல இருந்தான்."

"எல்லாத்துலயுமா?"

"எறக்கினா அழுவான் சார்."

"அப்போ என் ரூம்ல என் கையில எப்படிம்மா வேலை செஞ்சுது? நான் எந்தக் குழந்தைய வச்சிருந்தேன்?"

இதற்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். "நீங்க நாற்காலியில உக்காந்தா காலாட்டிட்டே இருப்பீங்க சார். மேசையெல்லாம் ஆடும்." மெதுவாகத்தான் சொன்னேன். தகரக் கூரை அதை எடுத்துக் கோடவுன் முழுக்கப் பரிமாறியது.

"காலாட்டாத சார், ஊட்டுக்கு ஆகாது. எங்கம்மா தொடையிலயே போடுவாங்க," என்றார் சூப்பர்வைசர் அக்கறையோடு. பிறகு என் பக்கம் திரும்பினார். "கொயந்தைக்கு எத்தினி மாசம்மா?"

"ஏழு."

"ஏழா. அப்போ இன்னும் ஆடுவ. சரி, இப்போ இன்னா செய்யணும்?"

"உங்க கையப் பதிவு பண்ணணும்."

அவர் ஆட்களை வரிசையில் நிறுத்தினார். ஒரு பெட்டியின்மேல் லேப்டாப்பை வைத்து, ஒவ்வொரு கையாகப் பதிவு செய்தேன். சூப்பர்வைசரின் கை கிட்டத்தட்ட மேசையேதான். மதியத்துக்குள் கோட்டைக் கீழே இறக்கினேன். இப்போது அவர் அசையாமல் நின்று பிடித்தாலும் படித்தது. முதலாளி முகத்தில் ரத்தம் திரும்பியது. அப்போது வாசலில் லாரி ஒன்று பின்பக்கமாக வந்தது. தரை அதிர்ந்தது, செக்கிங் மேசை அதிர்ந்தது, மேசைமேல் தூங்கிக்கொண்டிருந்த ஸ்கேனர் விழித்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே எதிரே இருந்த உப்புப் பொட்டலத்தைப் படித்தது.

"இப்போ மேசைக்கும் உசுரு வந்துச்சு," என்றார் சூப்பர்வைசர். "நான் வேணான்னு சொல்லல சார். விரல் வலிக்கு நல்லதுதான். வாரத்துல ஒரு நாள் இந்தம்மாவ இங்க அனுப்பு. எங்க கை, எங்க மேசை, எங்க லாரி, எல்லாத்தையும் பாத்து சரி பண்ணட்டும். அப்பால ஆர்டர் பத்தி பேசலாம்."

திரும்பும் வழியில் கார் பூந்தமல்லி நெரிசலில் நின்றது. முதலாளியின் கால்கூட ஆடவில்லை. பிறகு, "வீட்லேர்ந்து வேலை செஞ்சா இதான். அடுத்த வாரத்துலேர்ந்து முழு வாரமும் ஆபீஸ் வந்துடும்மா," என்றார்.

சரி சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை நான் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"அப்போ என்னால வர முடியாது சார்."

"அப்படின்னா?"

"அப்படின்னா கோடவுனுக்கு வேற யாராவதுதான் போகணும்."

மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் ஆகும் என்று அவருக்குத் தகவலாகச் சொன்னேன். ஆனால் கேட்பவருக்கு அது மிரட்டலாகத்தான் இருந்திருக்கும். ஆபீஸில் அந்தக் கோட்டைத் தொட்டவள் நான் ஒருத்திதான். அவர் ஹாரன் அடித்தார். முன்னால் நின்ற பேருந்து அதற்காக நகரவில்லை. அம்பத்தூர் வரை நான் மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று மனசுக்குள் எழுதி எழுதி அழித்தேன். எஸ்டேட் வாசலில் இறங்கும்போது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கிழமை கோடவுன். செவ்வாயும் புதனும் வீட்லயே இருங்க. ஆனா பதிவு எடுக்கும்போது பையன் வேணாம்மா. ப்ளீஸ்."

மூன்றில் இரண்டு தப்பியது. மீதி ஒன்றுக்கு வழி தேடி, வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்வீட்டு அக்காவிடம் போனேன். பையன் அவர் மடியில் அளவு டேப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். அதில் எத்தனை பேர் கழுத்து வியர்வை இருக்கிறதோ என்று நினைத்து, நினைத்ததை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கெழமையா? அன்னிக்கு நான் தைக்கவே மாட்டனே. திருவேற்காடு கோயிலுக்குப் போவேன், தெரியாதா உனக்கு?"

"அப்போ முடியாதாக்கா?"

"ஏன் முடியாது? இவனயும் தூக்கிகினு போறேன்."

அந்தக் கூட்டம், ஷேர் ஆட்டோ, கற்பூரப் புகை, வெயில், தொப்பி. என் முகம் என்ன ஆனதோ, அக்கா சத்தமாகச் சிரித்தார்.

"பயப்படாத. நீ வர்றதுக்குள்ள மொட்ட அடிச்சிட மாட்டேன்."

அதுவரை மொட்டை எனக்குத் தோன்றியிருக்கவில்லை. சரிக்கா என்றேன்.